ஓதம் திரும்பும் முன்

ஐந்து ஐம்பதுக்கு நீர் வற்றும் என்றது ஓத அட்டவணை.
ஐந்துக்கே மேன்ஹோல் மூடியை நெம்பிவிட்டோம்,
நானும் ராம்பிரவேஷும்.
மாஹிம். மித்தி ஆற்றுக்கு இரண்டு சந்து இப்பால்.
முப்பத்தெட்டில் கட்டிய மூன்று மாடி.

கட்டைவிரல் பருமனில் கேமரா,
அதைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்கு.
கேபிளை அவன் தள்ளுவான். திரையை நான் பார்ப்பேன்.
மூலையில் மீட்டர் ஓடும்.

தரைத்தளத்து ஃபிலோமினா ரெபெல்லோ
நைட்டியோடு வந்து நின்றார்.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்
குளியலறைத் துளை வழியாக ஆறு வருகிறது,
அழைப்புமணிகூட அடிப்பதில்லை என்றார்.
மகனின் மீன்கடை எடைக்கல், ஐந்து கிலோ,
துண்டில் சுற்றித் துளைமேல் வைத்திருக்கிறார்.
போன ஆகஸ்டில் அதையும் நகர்த்திக்கொண்டு வந்ததாம்.

மூன்று மீட்டர் இருபது: மயிர்ச் சுருள்.
ஐந்து எண்பது: சோப்புக் கொழுப்பு,
வெள்ளை வெள்ளையாய்க் கூரையிலிருந்து.
ஒன்பது மீட்டர் பத்து:
ஒரு பல் செட்.
மேல்வரிசை மட்டும். விளக்கு பட்டதும் சிரித்தது.
ராம்பிரவேஷும் தள்ளுவதை விட்டுவிட்டுச் சிரித்தான்.
பின்னால் நின்ற செயலாளர் பெட்ணேகர் சிரிக்கவில்லை.
கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்,
நாற்றத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்பால் விரிசலைத் தேடிக்கொண்டு போனேன்.
ஒரு மூட்டில் அரசவேர், நூல் கனம்.
மற்றபடி சுட்டமண் குழாய் பழுப்பாய் மினுங்கிற்று,
மூட்டுக்கு மூட்டு நேர்.
பதினேழாவது மீட்டரில்
சிமெண்டை வழித்த ஒரு விரலின் தடம்.
"நிறுத்து" என்றேன்.
எதற்கு என்று அவன் கேட்டான்.
சொல்லத் தெரியவில்லை. "சரி, தள்ளு."

இருபத்து மூன்று எண்பதில் குழாய் முடிந்தது.
வெளியே சேறு. ஒரு நண்டு
கண்ணை நீட்டி எங்களைச் சர்வே செய்தது.
அங்கே ஒரு மடல் இருக்க வேண்டும், இரும்பில்:
உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்,
வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும்.
கீல் இருக்கிறது, துருவேறிய இரண்டு காது.
மடல் இல்லை.
இவ்வளவுதான் நோய்.
பைகுலாவில் சொன்னால் வாரத்தில் வார்த்துத் தருவார்கள்.

ஒரு பீடிக்கட்டுத் தாள் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.
நின்றது.
பிறகு எங்களை நோக்கி வரத் தொடங்கியது.
"இழு, இழு."

பெட்ணேகர் என்னை ஸ்கூட்டர் நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.
"மடல் என்று எழுதாதே.
குழாயே போச்சு, அஸ்திவாரம் அரித்தாச்சு என்று எழுது.
பில்டர் எத்தனை நாள் காத்திருப்பான்?
எல்லாருக்கும் லிஃப்ட்.
ஃபிலோமினாவுக்குப் பதினோராம் மாடி.
அங்கே எந்த ஆறு ஏறும், சொல்?"

பொய்க் கேள்வி இல்லை அது.
தாராவியில் எனக்கும் தரைத்தளம்தான்.
ஒரு நிமிடம் அந்த லிஃப்டில் நானும் ஏறி,
பொத்தான்களைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

"அப்புறம் அந்த ஒன்பது பத்து,"
கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது குரல்,
"அதை வெட்டிவிடு."

வெட்டினால் மீட்டர் தாவும்,
நகராட்சிக்காரன் கண்டுபிடிப்பான் என்றேன்.
வேன் பானெட்டில் தாளை வைத்து எழுதினேன்:
9.10, அந்நியப் பொருள், அகற்றப்பட்டது.
23.80, ஓத மடல் இல்லை.
ஏனைய நீளம், நல்ல நிலை.
"நல்ல" என்ற இடத்தில் பேனா ஒருமுறை நின்றது.

அகற்றப்பட்டதுதான்.
திரும்பும் கேபிளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது பல் செட்.
ராம்பிரவேஷ் அதைப் பிளீச்சிங் பவுடரில் அலசி
மாடிப்படி மின்பெட்டி மேல் வைத்தான், யாரிடமும் சொல்லாமல்.
கேபிளைச் சுற்றி முடித்துப் பார்த்தபோது அங்கே இல்லை.

ஃபிலோமினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"எடைக்கல்லை எடுத்துவிடலாமா?
மகன் கடையில் தேடுகிறான்."

குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன்.
துண்டின் ஓரம்
அப்போதே நனைந்திருந்தது.