தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு

சித்ரா என்றால் ஊரில் யாரோ பெண் என்று நினைக்கிறார்கள்.
பஹ்ரைனில், எண்ணெய்த் தொட்டிகள் வரிசைகட்டி நிற்கும் தீவு அது.
ஆகஸ்ட். இரவு இரண்டேகால்.
காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

அந்தக் காற்றை இந்த எஞ்சின் அப்படியே இழுக்காது.
கோபுரத்தில் இரண்டு வாளி ஐஸ் கொட்ட வேண்டும்.
ஈரத்தை அங்கே இறக்கி வைத்துவிட்டு
சொன்ன சூட்டுக்குச் சூடேறி
மூச்சு உள்ளே போகும்.
எனக்கு என் அறையில் இத்தனை உபசாரம் இல்லை.
ஐஸ் வாளியும் கையுமாக நிற்பவளின் பெயர் பனிமயம்.
சிரிக்க, தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இந்த ஷிப்டில் இல்லை.

ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு அறுநூறு சுற்று,
எங்கும் போகாத எஞ்சின்.
இதன் வேலை பெட்ரோலை விசாரிப்பது.
கைப்பிடியைத் திருப்பினால்
சிலிண்டர் கீழிறங்கும், நெருக்கம் கூடும்.
பொறி பற்றவைத்த தீ
உன்னிடம் வந்து சேரும்வரை
மூலையில் சும்மா இருப்பாயா,
அதற்குள் நீயே வெடிப்பாயா?

வெடித்தால் கேட்கும்.
தகர டப்பாவில் கூழாங்கல்.
தட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
கதவைத் தட்டுகிறவன் பதிலுக்குக் காத்திருப்பான்;
இது
காத்திருக்காதவனின் சத்தம்.

இன்று எட்டாம் தொட்டியின் பெட்ரோல்.
மிதவைக் கிண்ணத்தை ஏற்றி இறக்கி
அதிகம் தட்டும் உயரத்தில் நிறுத்தினேன்.
இந்தப் பக்கம் தொண்ணூற்று நாலு, அந்தப் பக்கம் தொண்ணூற்றாறு,
நானே அளந்து கலந்த சாட்சிகள்.
ஐசோ ஆக்டேனுக்கு நூறு, ஹெப்டேனுக்கு சைபர்.
ஒன்று பொறுமைசாலி, ஒன்று தொட்டாற்சிணுங்கி,
இரண்டும் கலந்த கலவைதான் மற்ற எல்லோரும்.

முள் நின்றது.
கணக்குப் போட்டேன்.
94.6.
கேட்டது 95.

ஜெட்டியில் கப்பல் கட்டிக் கிடக்கிறது.
போனில் கூட்டினோ, லோடிங் மாஸ்டர்,
கோவாக்காரர், நல்ல மனிதர்தான்.
"புள்ளி நாலுதானே மேடம், ரவுண்டு பண்ணுங்க.
ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை டாலர் தெரியுமா?"
அவர் முடிக்கவில்லை,
என் தொண்டையில் ஒரு சொல் பற்றிக்கொண்டது.
விழுங்கினேன்.
என்னை இந்த மீட்டரில் மாட்டினால்
இன்றைக்கு எண்பது தேறினால் அதிகம்.

"அந்தப் புள்ளி நாலு யார் காதில் விழப்போகுது?"

எனக்குப் பெயர் தெரியாத துறைமுகத்துக்கு அப்பால்
மேட்டுப் பாதை, இரண்டாம் கியர்,
ஆறு பேரையும் மூன்று மூட்டை சிமெண்டையும்
இழுத்துக்கொண்டு ஏறும் பழைய வேன்.
ஓட்டுகிறவர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பார்.
பிஸ்டன் தலையில்
அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துகொண்டிருக்கும்.

புதுக் கார் என்றால் சென்சார் கேட்டுவிடும்.
பொறியைச் சற்றுத் தள்ளிப்போட்டு
சத்தமே இல்லாமல்
கொஞ்சம் சோர்ந்து ஓடும்.
மனிதர்களில் அந்த மாடல்
இந்தத் தீவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்டினோவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
"மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்" என்றேன்.
முதலில் டொலுயீன் கலவை:
எஞ்சின் பொய் சொல்லவில்லை.
பிறகு எட்டாம் தொட்டி.
94.6.
பதிவேட்டில் எழுதி, கீழே அ. பனிமயம்,
நேரம் மூன்று ஐம்பது.

விடியும்போது அவரே கூப்பிட்டார்.
ரீஃபார்மேட் சேர்த்துத் தொட்டியைச் சுற்ற விட்டிருக்கிறார்களாம்,
எட்டு மணிக்குப் புது சாம்பிள் வருமாம்.
அவர் நன்றி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பக்கத்து அறையைக் காலி செய்கிறார்கள்,
அடுத்த மாதம் ஹைட்ரஜன் எஞ்சின் வருகிறது.
நெருப்பைக் கண்ணால் பார்த்தாலே பற்றுகிற ஆசாமி.
புகைபோக்கியில் வெறும் நீராவிதான் என்கிறார்கள்,
ஆகஸ்டில் இங்கே அது குறைச்சலா என்ன.
அதன் முன்கோபத்துக்கும்
யாராவது காது கொடுத்தாக வேண்டும்.

கோபுரத்தில் ஐஸ் கரைந்துவிட்டது.
எட்டு மணிக்குள்
இன்னும் இரண்டு வாளி.