உட்காரக் கூலி

சட்டத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது:
களைப்பு. பாம்பன். எண்ணெய் வண்ணம்.
என் பெயர் இல்லை.
எஸ்கலின் என்று எழுத
ஓர் அங்குலம் போதும்.

ஆனால் நான் களைத்திருக்கவில்லை, ரகோத்தமன்.
அன்றைக்குக் கடல் கலங்கல்,
பாசிக்கு யாரும் இறங்கவில்லை.
தங்கச்சிமடத்தில் நீங்கள் வாடகைக்குப் பிடித்த
ஐஸ் கம்பெனி மாடியில்
ஆறிப்போன டீ கிளாஸை முன்னால் வைத்து
கன்னத்தில் கையூன்றி
மூன்று மணி நேரம்.
நூற்றைம்பது ரூபாய்.
அரை மூட்டை மரிக்கொழுந்துப் பாசிக்குச் சமம்,
மூச்சடக்க வேண்டியதுமில்லை.

கடலைப் பார்க்கிறாள் என்று நினைத்தீர்கள்.
திறந்திருந்த ஜன்னல் கண்ணாடியில்
விழுந்த உங்கள் கையைப் பார்த்தேன்.
எந்த நீலத்தை எத்தனை முறை தொட்டது,
மஞ்சளை ஏன் கத்தியால் வழித்தது,
எந்த இடத்தில் பயந்தது.

முகத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடு
நங்கூரக் கயிற்றின் தடிமனில்.
பின்னால் சுவரா வானமா தெரியாத
ஆரஞ்சுத் தீற்றல்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
கச்சான் அடித்த மாதிரி.
கன்னத்தில் பச்சை.
'என்னடி, பொணத்தையா வரைஞ்சிருக்கான்?'
என்றாள் நாத்தனார்.

எனக்கு மட்டும் அது சரியாக இருந்தது.
குருசடைக்கு இந்தப் பக்கம், இரண்டாள் ஆழத்தில்,
சிவப்புதான் முதலில் செத்துப்போகும்.
பார் கிழித்த விரலிலிருந்து
ரத்தம் கறுப்பாய்ப் புகையும்.
மேலே வந்து மூச்சு வாங்கும்போது
திரும்பச் சிவக்கும்.
இதை உங்களுக்கு யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை. தற்செயல்.
தற்செயல் என்று தெரிந்த அன்றைக்குத்தான்
எனக்குத் தைரியம் வந்தது.

கையை மட்டும் உங்களால் முடியவில்லை.
'அந்தத் துணிய அவுத்துடும்மா' என்றீர்கள்.
விரலுக்கு விரல் சுற்றிய சேலைக் கிழிசல்.
அவிழ்த்தேன்.
துணியில்லாத விரல்களை
நானே பகலில் அதிகம் பார்த்ததில்லை.
பழுப்பாய் ஓர் இழுப்பு இழுத்து விட்டுவிட்டீர்கள்;
இன்னும் அப்படியே இருக்கிறது, அகப்பை மாதிரி.

நான் முதலில் வரைந்தது
அந்தத் துணிகளைத்தான்.
நீந்தக் காலில் கட்டும்
அலுமினியத் தட்டின் பின்புறத்தில்,
நீங்கள் எறிந்த டியூப்களைப் பிளந்து சுரண்டி.
வெள்ளை போதவில்லை.
கல்லறைத் திருநாளுக்குச் சிலுவையில் அடித்தது போக
மாமனார் மிச்சம் வைத்திருந்த பெயின்டைத் திருடினேன்.

போன மாசியில் வந்தீர்கள், கைத்தடியோடு.
ஐஸ் கம்பெனி இடிந்துவிட்டது.
என் வீட்டில் மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னேன்.
பத்து நிமிஷத்துக்கொரு தரம்
'பாக்கலாமா?' என்றீர்கள்.
கூடாது என்றேன்.
களைத்திருந்தீர்கள், நிஜமாகவே.
அதை நான் வரையவில்லை.
எங்கோ ரயில் கூவியது. திரும்பினீர்கள்.
காதுக்குள் புகுந்து வந்தது வெயில்.
அந்தச் சிவப்புக்காக மூன்று நாள் குழைத்தேன்,
இன்னும் வரவில்லை.

போகும்போது கூலி கொடுத்தேன்.
வேண்டாம் என்பீர்கள் என்று நினைத்தேன்.
எச்சில் தொட்டு எண்ணி
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
'மறுபடி எப்ப உக்காரணும்?' என்றீர்கள்.

கடல் கலங்கினால் சொல்லியனுப்புகிறேன் என்றேன்.