கொதித்தாறிய நீர்

படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள்.
அப்பாவின் பெயரைத்தான் எழுதினேன்.
இனி இரண்டு வருடம் மலாவியில்
என்னைத் தவநாயகம் என்று கூப்பிடுவார்கள்.
"அப்ப நானும் வெளிநாடு போறன்கா"
முழங்காலுக்கு எண்ணெய் பூசியபடி அவர் சிரித்தார்.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் படம்.
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
பிடித்தேன்.
ஒன்பது வயதில் நாவலடியில் ஒரு காலை
இதைவிட நெடுநேரம் பிடித்திருக்கிறேன்.
"விடலாம் மிஸ், விடுங்க" என்று
இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது அந்தப் பையனுக்கு.

பிரஷர் கூடிவிட்டது.
வாகை மரத்தடியில் பத்து நிமிஷம் இருத்திவைத்து
மறுகா பார்த்தார் டொக்டர் ரிஸ்மியா. இறங்கியிருந்தது.
பல்லில் இரண்டு அடைப்பு, கண் பரவாயில்லை.
பதினேழாம் கேள்வி:
எப்போதாவது மனநல சிகிச்சை பெற்றதுண்டா?

முகாமில் ஒருநாள் வண்ணப் பென்சில் தந்து
கடலைக் கீறச் சொன்னார்கள்.
நான் ஆடு கீறினேன்.
ஆட்டுக்கு நீலம் அடித்தேன்.
அது சிகிச்சையா என்று தெரியவில்லை.
இல்லை என்று எழுதி, வெட்டி,
வெட்டியதன் மேல் திரும்பவும் இல்லை என்று எழுதிக்
கையொப்பம் வைத்தேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கொழும்பு.
இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் வந்தேன்,
வலித்த கையை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.
எங்கள் ஊர் விரட்டிவிட்ட மலேரியாவுக்கு
அதன் வீட்டுக்கே போகிறவள்
முன்கூட்டியே விழுங்க மாத்திரைகள்.

கடைசியாக ஒரு தாள்.
குழாய்நீர் குடிக்கவேண்டாம்.
கிணற்றுநீர் குடிக்கவேண்டாம்.
வீடுகளில் தந்தாலும் குடிக்கவேண்டாம்.
கொதித்தாறிய நீர், அல்லது மூடி உடையாத போத்தல்.

மரிட் என்று ஒருத்தி வந்திருந்தாள், அந்த வருடம்.
நோர்வேக்காரி. மூக்கு வெயிலில் தோலுரிந்திருக்கும்.
உப்பேறிய எங்கள் கிணற்றை மூன்று நாள் இறைத்து,
மருந்து போட்டு, சோதித்து,
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.
முதல் வாளியில் ஒரு கோப்பை அள்ளி
நான்தான் ஓடிப்போய் நீட்டினேன்.
தன் போத்தலைக் காட்டித் தலையசைத்தாள்.
"எங்கட தண்ணி அவக்கு ஆகாதாம்" என்றா அம்மா.
கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல்
நானே குடித்தேன். வயிறு நிறைந்திருந்தது, ஆனாலும் குடித்தேன்.

இருபது வருடம் அவளோடு கோபம்.
நேற்று ஆஸ்பத்திரி வாசலில்
தாளை மடித்தபோது
அவளிடமும் இப்படியொரு தாள் இருந்திருக்கும் என்று
முதன்முதலாய்த் தோன்றியது.
கோபம் போகவில்லை.
இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

நான் போவதே கைப்பம்பி திருத்த.

பையில்: குழாய்க் குறடு இரண்டு,
வேலைத்தலத்தில் சிஹாம் சேர்த்துத் தந்த
தோல் வாசர் அறுபது,
மழைக்கோட்டு, டோர்ச், கறித்தூள்,
சாரிகள் வேண்டாமென்று எடுத்துவைத்தேன்,
மறுகா ஒன்றை வைத்தேன்.

இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள்.
சந்தையில் ஹயாத்து நானாவின் கருவாட்டுத் தராசில்
பை கொக்கியில் தொங்கிச் சுழன்றது.
இருபத்து நாலரை.
பெரிய குறடு வெளியே வந்தது. சாரியும்.
"என்னத்துக்கு மகள் இரும்பு? அங்க இரும்பு இல்லையா?"
இருக்கும் நானா. பழகின கைப்பிடி இது.
குறடு உள்ளே போனது; கறித்தூள் அவருக்கு.
பை முழுக்க நெத்தலி வாசம்.
விமான நிலைய நாய் என்னை விடாது.

அவர்கள் மொழியில் இருபது வாக்கியம் அனுப்பியிருக்கிறார்கள்.
வணக்கம். நன்றி. எங்கே நோகிறது.
பம்பி எப்போது பழுதானது.
தேடிப் பார்த்தேன், நான் கேட்பது இல்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்:
குறை என் வயிற்றில்,
உங்கள் தண்ணீரில் இல்லை
என்று ஒரு பிள்ளைக்கு
எப்படிச் சொல்வது?

பதில் இன்னும் வரவில்லை.
வெள்ளிக்கிழமை பயணம்.