பூஜ்யம் யூனிட்

திருத்துறைப்பூண்டி கட்டுப்பாட்டு அறை.
இரவு ஒன்று நாற்பது.
ஐப்பசி அடைமழைக்கு மூன்றாம் நாள்.
நான்காம் ஃபீடர் விழுந்ததும்
மீட்டர்கள் ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டு அணைந்தன.

அணையும்போது ஒரு மீட்டரிடம்
ஒரு சொட்டு மின்சாரம் மிச்சமிருக்கும்.
அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாது.
எனக்கு வரவில்லை என்று
பக்கத்து மீட்டரிடம் சொல்லும்.
அது அடுத்ததிடம்.
வயல்விட்டு வயல் தண்ணீர் பாய்கிற மாதிரிதான்,
ஆனால் எதிர்த்திசையில்.
தண்ணீர் கடைசியாய் வந்து சேரும் கடைமடையிலிருந்து
சேதி முதலில் கிளம்பும்.

நாற்பத்தெட்டு பேர் சொல்லிவிட்டார்கள்.
பேர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

அன்சாரி பைக்கில் போயிருந்தார்.
இடும்பாவனம் ரோட்டோரம் கம்பி அறுந்து கிடந்தது.
செல்போன் டவர் பதினோரு மணிக்கே படுத்துவிட்டது.
கையில் வாக்கிடாக்கி, அதற்குள் பாதி மழை.
"லைன் ஆஃப். ஏறலாம்."
சொன்னது நான்தான்.

அப்புறம் திரையில் ஒரு வரி:
இறால் பண்ணை டிரான்ஸ்ஃபார்மர்,
நூற்றுத் தொண்ணூறு வோல்ட்.

செத்த லைனில் ஏது வோல்ட்?

பண்ணைக்காரன் ஜெனரேட்டர் போட்டிருக்கிறான்.
குட்டையில் காற்று ஊதாவிட்டால்
விடிவதற்குள் மூன்று லட்சம் இறால் மிதக்கும்,
அவனுக்கும் ஒரு கணக்கு.
சுவிட்சை மாற்றிப்போட மறந்துவிட்டான்.
அவன் மின்சாரம் கொல்லைப்பக்கமாய்
டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து
பத்தாயிரமாய்ப் பெருத்து
அன்சாரியின் கம்பத்தில் வந்து நிற்கிறது.

அன்சாரி, ஏறாதீங்க.
கரகரப்பு.
ஏறாதீங்க, எர்த் ராடு போடாம எதையும் தொடாதீங்க.
கரகரப்பு.
அண்ணே.
நான்கு வருஷத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மழை. எங்கோ தவளை.
பிறகு, "பாதி ஏறிட்டேன் மேடம். எறங்கிட்டேன்.
வரப்புல உக்காந்திருக்கேன்.
கொஞ்ச நேரம் பேச வேணாம்."

பேசவில்லை.

இரண்டு இருபதுக்கு அவரே கேட்டார்:
"எது சொல்லிச்சு?"
பண்ணை மீட்டரின் குரல் இங்கே எட்டாது.
தாண்டி வந்த தடத்தைப் பார்த்தேன்.
நடுவே ஒரே ஒரு மீட்டர்.
கடைசி நான்கு எண்ணைப் படித்தேன்.

"அது பக்கிரிசாமி வீடாச்சே.
மகனோட திருப்பூர் போயி ஆறு வருசமாச்சு.
பூட்டித்தான் கெடக்கு."

கணக்கைத் திறந்தேன்.
போன தடவை பூஜ்யம் யூனிட்.
அதற்கு முந்தைய தடவையும் பூஜ்யம்.
கீழே, இணைப்பைத் துண்டிக்கலாம் என்று
ஒரு பரிந்துரை.
போன வெள்ளிக்கிழமை தேதி,
என் பெயர்.