இரண்டாம் வரிசை

காலை ஏழரைக்குக் கூண்டறையைத் திறந்ததுமே
இரண்டாம் வரிசை எது என்று மூக்கு சொல்லிவிடும்.
மற்ற எலிகளுக்கு வாரம் இருமுறை உமி மாற்றினால் போதும்.
இவற்றுக்குத் தினமும்.
நேற்று நிரப்பிய புட்டி காலி.
தீனி காலி.
தின்றதெல்லாம் எங்கே போகிறதோ,
முதுகெலும்பை எண்ணிவிடலாம்.

நானும் ராத்திரி நாலு தடவை எழுந்தவன்தான்.
செம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
பியூலா தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

ஹஸீனா மேடத்துக்குத் தரமணியில் இது நாலாவது வருஷம்.
முதல் வரிசை, சும்மா இருக்கிற எலி.
இரண்டாவது, ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைத்தது.
மூன்றுக்கும் நாலுக்கும் சர்க்கரையோடு ஆவாரங் கஷாயம்,
ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்குக் கூட.
ஏன் மேடம், பொட்டை ஒன்றுகூட இல்லையே
என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.
"இது ஆம்பளைங்க பிரச்சனை அண்ணே"
என்றவர் தராசைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.
நானும் உமி மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டேன்.

துரு என்றார் இன்னொரு நாள்.
சர்க்கரை ஏறிய உடம்பில்
இழுக்கிற மூச்சே துருவாகி
விந்து விளைகிற இடம்வரை போய் அரிக்குமாம்.
இலையில் இருக்கிற ஏதோ ஒன்று
அந்தத் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறதா,
அதைத்தான் பார்க்கிறாராம்.

துருவைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
பட்டினப்பாக்கத்தில் மூன்றாம் மாடி, கடல் பார்த்த ஜன்னல்.
பொங்கலுக்கு அடித்த பெயின்ட் ஆடிக்குள் பொரிந்துவிடும்.
கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தினால்
நமத்த பிஸ்கட் மாதிரி உதிரும்.
தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு
அது கம்பிதான்.

அறுபதாம் நாள்.
ஆவாரை பூத்திருக்கச் சாவார் உண்டோ என்பார்கள்.
எலிகளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.
குடித்ததும் குடிக்காததும்
ஒரே காலையில், ஒரே மேசையில்.
எடை போட்டு, நறுக்கி, கரைத்து,
ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துவிட்டு
"பாக்கறீங்களா அண்ணே?" என்றார்.

இரண்டாம் வரிசை:
மழை நாளில் சின்னமலை சிக்னல்.
வண்டிகள் இருக்கின்றன. நகரவில்லை.
ஒன்றிரண்டு நின்ற இடத்திலேயே தலையாட்டுகின்றன,
சிலதுக்கு வாலே இல்லை.

நாலாம் வரிசையில் ஓட்டம் இருந்தது.
முதல் வரிசை அளவுக்கு இல்லை.
ஆனால் ஓட்டம்.

மிச்சக் கஷாயத்தைக் கொட்டிக் கழுவச் சொன்னார்.
புட்டியை மட்டும் கொட்டாமல்
டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் மேடமே பார்த்துவிட்டார்.
"எலிக்கு அளந்தது அண்ணே.
மனுஷனுக்கு என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."
பிறகு, புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு,
"உங்க சுகர் எவ்வளவு?"

பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது
என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அன்றைக்குப் பியூலாவின் ஃபைலை எடுத்தேன்.
எழும்பூர், வடபழனி, மறுபடி எழும்பூர்.
குழாயில் சாயம் விட்டு எடுத்த படம்.
குறை ஒன்றுமில்லை என்று மூன்று கையெழுத்து.
என் அக்கா அவளைப் பேர் சொல்லாமல்
"அது" என்று கூப்பிட்ட பதினொரு வருஷம்
அந்த மஞ்சள் அட்டைக்குள் இருந்தது.
கணவர் என்ற பத்தியில்
செல்வின், வயது முப்பத்தொன்று.
கீழே நாலு கட்டத்திலும் குறுக்கே ஒரு கோடு.
பேனா என்னுடையது.

அவள் ஜன்னலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
துருக்கறை என் சட்டையில் படக்கூடாதென்று
கம்பியைப் பழைய சேலைத் துண்டால் சுற்றி,
அதன்மேல்.
எப்போதிருந்து அப்படிச் செய்கிறாள் என்று
எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன்.
ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இனிமே என்ன டெஸ்ட் பாக்கி இருக்கு எனக்கு?"
என்றாள், திரும்பாமல்.

"உனக்கு இல்ல."

கிளிப் ஒன்று கை தவறி
மூன்று மாடி கீழே போய் விழும் சத்தம்
இருவருக்கும் கேட்டது.