கோப்பறைக் கணக்கு

முதலாளிமார் கேட்டது ஒரே ஒரு பக்கம்:
எவ்வளவு போகும், எவ்வளவு வரும்.

கொம்பனித்தெருவில் எங்கள் கந்தோர்.
மூன்றாம் மாடியில் கோப்புகள் குந்தியிருக்கும் அறை.
ஒற்றை யன்னல். அதற்குள்
பேரை வாவியின் ஒரு துண்டு, பச்சையாய்.

போவதை எழுதுவது சுகம்.
பாய் பதினாலு.
மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு.
கைகழுவும் தொட்டி, என் முழங்கால் உயரத்தில்
(குழாய் வேலைக்காரர் இரண்டு தரம் கேட்டார்,
"சேர், அளவு சரிதானே?").
பயிற்சி எடுத்தவர்கள் இரண்டு பேர்,
அவர்களின் சம்பளம், சேமலாப நிதி, காப்புறுதி.
கரையானுக்கு மருந்து:
எண்பத்தேழாம் ஆண்டு வவுச்சர்களை
ஓடிற்றர்களை விடக் கவனமாய்
அதுகள் வாசித்து முடித்திருந்தன.

வருவது என்ற பத்தியில்
பேனை நின்றது.

மூன்று மணிக்குப் பிறகு நிலூகா
கைபேசியைக் கவிழ்த்து வைப்பதில்லை.
இன்வொயிஸ் அடிக்கும் றிஸ்மியா
பதினொன்றுக்கும் இரண்டுக்கும்
கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு
பாலைப் பீய்ச்சித் தண்ணீரோடு விடுகிறாள்.
கூட்டித் துடைக்கும் பவானியக்கா
ஒருநாள் வாளியை வைத்துவிட்டுச் சொன்னா.
அதன் பிறகுதான் கவனித்தேன்:
கோப்பொன்றை நெஞ்சோடு அணைத்தபடியேதான்
அந்தப் பிள்ளை கதிரைக்குத் திரும்புகிறது.
இதற்கு எந்தத் தலைப்பு? எத்தனை சதம்?

ஒரு தொகை மட்டும் எனக்குத் தெரியும், பிசகாமல்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில்
சுபோதினி வங்கி வேலையை விட்டாள்.
மகளுக்கு ஐந்து மாதம்.
வெள்ளவத்தையில் விசாரித்த இடங்களில்
ஒன்று, கார் நின்ற கராஜ்.
ஒன்றில் நாங்கள் வரிசையில் முப்பதாவது.
ஒன்று அவளுடைய சம்பளத்தை
அப்படியே கேட்டது.
விலகல் கடிதத்தை நான்தான் ரைப் பண்ணினேன்,
"சொந்தக் காரணங்களுக்காக" என்று.
அவள் "சொந்த" என்பதில் விரலை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
பிறகு கையெழுத்து வைத்தாள்.

வருவது: அவளுடைய ஏழு வருடச் சம்பளம்,
இரண்டு பதவி உயர்வு, ஊழியர் கடன் வட்டிச் சலுகை.
பேரை மறைத்து, உதாரணம் என்று எழுதினேன்.

கூட்டத்தில் கேட்டார்கள்.
சத்தம்? விழுந்தால்?
வாங்கிய சரக்குக்காரர் மேலே வந்து பார்த்தால்?
பிள்ளை இல்லாதவர் எனக்கென்ன என்றால்?
கடைசிக் கேள்விக்கு
இன்றைக்கும் என்னிடம் பதிலில்லை.

பக்கத்துக் கப்பல் ஏஜென்சி பாதி தருவதாய் வந்தது.
முன்னால் இருக்கும் அச்சகம்
பிள்ளைகள் இரண்டுதானே என்று ஏழிலொன்றில் நின்றது.
மூன்று கணக்காளர்கள் தேத்தண்ணி ஆற ஆறப்
பேரம் பேசினோம்,
தடுப்புக் கதவின் பிணைச்சல் யாருடையதென்று.

முதல் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தது
டிரைவர் அன்ஸ்லம்.
மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, சேர்,
பகலில் அவ நித்திரை கொள்ளவேணும்.
நான் படிவத்தில்
"தாயின் பெயர்" என்று மட்டும்தான் அடித்திருந்தேன்.
அவர் அதை வெட்டவில்லை,
ஓரத்தில் தன்னுடையதையும் எழுதியிருந்தார்.

திறந்த அன்று பத்தரைக்கு
மேலேயிருந்து ஒரு அழுகை இறங்கியது.
இரண்டாம் மாடியில் ஒன்பது தலைகள் நிமிர்ந்தன.
முற்றத்தில் வான் எஞ்சின் நின்றது.
ஒரு நொடிதான்.
எட்டுத் தலைகள் குனிந்தன, எஞ்சின் திரும்பப் பற்றியது,
றிஸ்மியா மட்டும் எழும்பிப் போனாள்,
கையில் கோப்பில்லாமல்.

வீட்டில் சொன்னேன்.
சுபோதினி பாணுக்கு மாஜரீன் பூசிக்கொண்டே
"இடமிருக்கா அங்க?" என்றாள்.
மகளுக்கு ஏழு வயசாச்சே என்றேன்.
அவள் கத்தியைக் கழுவப் போட்டாள்.

அந்தப் பக்கத்தின் பிரதி
இன்னும் என் லாச்சியில்.
கூட்டல் சரி. மூன்று தரம் பார்த்துவிட்டேன்.