உறை

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன்,
போர்வை சுற்றிய பெட்டி மடியில்.
"பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்றார்
மோட்டார்சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒருவர்.
ஓம் என்றேன்.
பொய்யில்லை.
வங்கி ஒன்று கழித்துவிட்ட கணினி அது,
எழும்பும், இருமும், திரும்பப் படுக்கும்
என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

மண்டூருக்கு அப்பால் ஏழாம் வகுப்பு.
இருபத்தேழு பேர், ஒரு மேசை, ஒரு திருப்புளி.
மூடியைக் கழற்றியதும்
முதலில் உருண்டு வந்தது பல்லி முட்டை.
"இது உள்ளீடா டீச்சர், வெளியீடா?"
டனுஸ்காந்.
அவனுக்கு எப்போதும் முன்வாங்கு.

பாகங்கள் கைமாறிக் கைமாறிப் போயின.
விசிறியை ஊதினார்கள், சுற்றியது.
றாமைச் சீப்பென்று தலையில் வைத்தாள் ஒருத்தி.
வன்தட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கினான் ஒருவன்,
குலுக்காதே என்று
நான் போட்ட சத்தத்தில் அதிபரே எட்டிப் பார்த்தார்.
தாய்ப்பலகையை மட்டும் யாரும் விளையாடவில்லை.
வெயிலுக்குச் சரித்து
கோடு கோடாக விரல் ஓட்டினார்கள்,
எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு என்று பார்க்கிறவர்கள் போல.

கரும்பலகையில் எழுதினேன்:
தொட முடிந்தது வன்பொருள்.
தொட முடியாதது மென்பொருள்.
"அப்ப பேய் மென்பொருளா டீச்சர்?"
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
என்னிடம் பதில் இல்லை,
பாடநூலில் பேய் இல்லை.

கடைசி வாங்கில் யதுர்ஷிகா எழும்பினாள்.
பதினொரு எருமை நிற்கிற வீடு.
வாய் திறக்காத பிள்ளை.
"எங்கட ஊட்ட சட்டி இருக்கு, பால் இருக்கு,
அடுப்பு இருக்கு டீச்சர்.
எல்லாம் இருந்தும் தயிர் வராது.
நேத்தையத் தயிரில ஒரு கரண்டி உடணும்.
அதுதானே பாலுக்குச் சொல்லிக் குடுக்குது
நீ தயிராகு எண்டு."

வகுப்பு உறைந்தது.

டனுஸ்காந் விடுவானா?
"உறையத் தொடலாமே!"
"நீ தொடுறது தயிர.
அது சொல்லிக் குடுக்கிறதத் தொடு, பாப்பம்."

மறுகா அவளை நிறுத்த முடியவில்லை.
பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்தாலும்
தங்கள் உறை குறையாதாம்.
போன வருசம் யாரோ தந்த கெட்ட உறையில்
பதினெட்டுச் சட்டியும் பழுதாம்.
வைரஸ் பாடத்தை நான்
ஆறாம் கிழமைக்கு வைத்திருந்தேன்.

மூடியைப் பூட்டினோம். ஆளியைப் போட்டோம்.
விசிறி சுற்றியது. பச்சை விளக்கு.
இருபத்தேழு மூச்சும் என் கழுத்தில்.
கறுப்புத் திரை,
மேலே ஒரேயொரு வெள்ளை வரி:
இயங்குதளத்தைக் காணவில்லை.
கழிக்குமுன் வங்கிக்காரர் எல்லாவற்றையும்
துடைத்திருக்கிறார்கள்.

பழுதென்று நினைத்து
ஒரு பொடியன் பெட்டியின் முதுகில் தட்டினான்.
"தட்டாத," என்றாள் யதுர்ஷிகா.
"சட்டிக்கு ஒண்டுமில்ல.
உறை ஊத்தல்ல, அவ்வளவுதான்."

திங்கட்கிழமைப் பாதையில்
மடி வெறுமை.
கைப்பையில் விரலளவு பென்ட்ரைவ்.
அதே மனிதர், அதே மோட்டார்சைக்கிள்,
எதுவும் கேட்கவில்லை.
வாவி நடுவில் இரண்டு தரம்
உள்ளே கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
தொட்டது பிளாஸ்டிக்.